பட்டுக் கடையில் மரியாதைக்கு என்ன விலை?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. தறிச் சத்தத்தில் பொழுது விடிந்த ஊர். இங்கும், பக்கத்து முத்தியால்பேட்டையிலும், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலும் குழித்தறியில் காலை வைத்து உழைக்கிறவன் நெய்த புடவைதான், காஞ்சிபுரம் காந்தி ரோட்டிலும் சென்னை தியாகராய நகரிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிறது. கடல் கடந்து சிங்கப்பூருக்கும் போகிறது.

இந்தக் கடைகளின் விளம்பரங்களைப் பாருங்கள். புடவையைப் பற்றி நாலு வார்த்தை இருந்தால் உபசரிப்பைப் பற்றி நாற்பது வார்த்தை இருக்கும். வாசலில் கைகூப்பி வரவேற்பு, உள்ளே குளிர்சாதனம், உட்கார மெத்தை, குடிக்கக் காப்பி, மணப்பெண்ணுக்குத் தனி அறை. இதற்கு "வாடிக்கையாளர் சேவை" என்று பெயர். வாடிக்கையாளரே தெய்வம் என்று சுவரில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

நல்ல வார்த்தைதான். நாம் மறுக்கவில்லை. ஆனால் தெய்வங்களிலும் பேதம் உண்டே! பெரிய கோயில் சாமிக்குத் தங்கத் தேர். ஊர் எல்லையில் நிற்கிற சாமிக்கு வெயிலும் மழையும். கடைக்குள்ளும் இதே கதைதான் நடக்கிறது. யாருக்கு மெத்தை, யாருக்குத் தரை என்பதை அங்கே தீர்மானிப்பது எது? இதை விசாரிக்கத்தான் இந்தக் கட்டுரை.

"பஞ்சாலையில் நூல் நூற்கிற எனக்கும், நாற்று நடுகிற எனக்கும் பட்டுக் கடை விவகாரம் எதற்கு?" என்று தோழர்கள் கேட்கலாம். வாழ்நாளில் ஒரு தடவையாவது அந்த வாசலை மிதிக்காத உழைப்பாளிக் குடும்பம் நம் ஜில்லாக்களில் எத்தனை உண்டு? மகள் கல்யாணம் என்றால் கடன் வாங்கியாவது ஒரு கூறைப் புடவை எடுக்கிறோம். ஆறு மாதச் சேமிப்பை மடியில் கட்டிக்கொண்டு போகிறோம். அப்படிப் போகும் இடத்தில் நமக்கு என்ன நடக்கிறது என்பதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

ஒரு முகூர்த்த மாதத்தில் நாம் நேரில் கண்டதைச் சொல்லுகிறோம். விவசாயத் தொழிலாளர் குடும்பம் ஒன்று மகளுக்குப் புடவை எடுக்கப் புறப்பட்டது. துணைக்கு நம்மையும் கூப்பிட்டார்கள். புடவை பார்த்துச் சொல்ல ஐயம்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளர் வீட்டு அம்மாவும் வந்தார். கடையின் பெயர் வேண்டாம். அது ஒரு கடையின் குணம் என்று நினைத்துவிடக் கூடாது.

வாசலைத் தாண்டியதும் முதல் கேள்வி: "எந்த ரேஞ்சு பாக்கறீங்க?"

"ஆறாயிரத்துக்குள்ள" என்றார் பெண்ணின் தகப்பனார், குரலைத் தணித்துக்கொண்டு.

"மூணாவது மாடி. படி அந்தப் பக்கம்."

அவ்வளவுதான் வரவேற்பு. கீழ்த்தளத்தில் மெத்தை விரித்திருந்தது. காப்பிக் கோப்பைகள் சுற்றி வந்தன. ஒரு குடும்பத்துக்கு முன்னால் இருபது புடவைகளைப் பிரித்துப் போட்டு விசிறிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடியில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. விரலைக் காட்டினால்தான் ஒரு புடவை அலமாரியிலிருந்து இறங்கும். இரண்டு பார்த்தபின் மூன்றாவது கேட்டால், "எடுக்கறீங்களா, பாக்கறீங்களா?" என்று கேள்வி வரும்.

"ஒரிஜினல் காஞ்சிபுரம் கைத்தறி" என்று ஒரு புடவையை எடுத்து வைத்தார்கள். நம்முடன் வந்த அம்மா அதன் கரையைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். உடனே விற்பனைப் பெண் பதறிக்கொண்டு சொன்னாள்: "அம்மா, கையை வைக்காதீங்க, அழுக்காயிடும்!"

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கையை எடுத்துக்கொண்டார். இருபது வருஷம் கணவருக்கு எதிரே உட்கார்ந்து கரை நாடா போட்ட கை அது. அவர் தொட்டு அழுக்காகாத புடவைதான் கீழே மெத்தையில் கிடந்தது. வெளியே வந்தபிறகு நம்மிடம் சொன்னார்: "தோழர், அது கோர்வை இல்லை. தறியில கோத்து வாங்கின கரை அப்படி இருக்காது. விசைத்தறிச் சரக்கு."

அந்தக் கடை முழுவதிலும் பட்டுப் புடவையைப் பற்றி அதிகம் தெரிந்த ஒரே ஆள், கை வைக்கக் கூடாது என்று விலக்கப்பட்டார்! தெரிந்த கை விலகினால்தான் பொய்ச் சரக்கு விலை போகும்.

இனி ஒரு கேள்வி. இந்த அவமானத்துக்கு யார் பொறுப்பு? அந்த விற்பனைப் பெண்ணா?

நம்மில் பலருக்கு அவள்மீதுதான் ஆத்திரம் வரும். "சம்பளத்துக்கு வேலை செய்கிறவளுக்கு இவ்வளவு திமிரா?" என்று திட்டிவிட்டு வருகிறோம். நிதானமாக யோசித்துப் பார்ப்போம். அவள் யார்? தூரத்து ஜில்லாவில் ஒரு கூலி விவசாயியின் மகள். பத்தோ பன்னிரண்டோ படித்தவள். கடை விடுதியில் பத்துப் பேரோடு ஓர் அறையில் படுத்து எழுந்து, காலையில் நின்றால் கடை மூடும்வரை நிற்கிறவள். தலைக்கு மேல் காமிரா கண் கொட்டாமல் பார்க்கிறது. புடவையில் கறை பட்டால் யார் சம்பளத்தில் பிடிப்பார்கள்? இன்ன தொகைக்கு விற்றாக வேண்டும் என்ற கணக்கு யார் தலையில் விழுகிறது? "அழுக்காயிடும்" என்று அவள் பதறியது நம்மைக் கண்டல்ல. முதலாளியின் பேரேட்டைக் கண்டு. இவர்கள் படும் பாட்டை இயக்குநர் வசந்தபாலன் 2010ல் "அங்காடித் தெரு" என்ற படமாகவே எடுத்துக் காட்டினார். நாடு பார்த்துக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாள் அதே கடைக்குப் போனது.

உட்காருவதற்கே இந்த நாட்டில் போராட வேண்டியிருந்தது என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் குரல் எழுப்பினார்கள். திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையின் பெண்கள் 2014 டிசம்பர் இறுதியில் தொடங்கி நூறு நாளுக்கு மேல் தெருவில் அமர்ந்து போராடினார்கள். என்ன கேட்டார்கள்? வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு முக்காலி. கேரள சர்க்கார் 2018ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021ல், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது எல்லாத் தொழிலாளிகளும் உட்காருவதற்கு ஒவ்வொரு கடையிலும் இருக்கை இருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. அதே 1947ஆம் ஆண்டுச் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும் வரம்பு கட்டியிருக்கிறது.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. முக்காலி எங்கே இருக்கிறது? அடுத்த தடவை கடைக்குப் போகும் தோழர்கள் கண்ணைச் சற்று ஓட்டிப் பாருங்கள். வாங்குகிறவன் உட்கார மெத்தை, விற்கிறவள் நிற்கத் தரை என்றால், அந்தக் கடை விற்கும் "சேவை" அவளுடைய கால் நரம்பிலிருந்து எடுக்கப்பட்டது. இதில் சந்தேகம் இல்லை.

உடையைப் பார்த்து ஆளை எடை போடும் வழக்கம் நம் ஊரோடு நிற்பதல்ல. அமெரிக்காவில் கோடீஸ்வரியான தொலைக்காட்சிப் பிரமுகர் ஓப்ரா வின்ஃப்ரே, சுவிட்ஜர்லாந்தின் ஜூரிக் நகரத்தில் ஓர் ஆடம்பரக் கடைக்குப் போனபோது, சுமார் 35,000 பிராங்கு விலையுள்ள கைப்பையைக் காட்டும்படி கேட்டும், அது மிகவும் விலை அதிகம் என்று சொல்லி எடுத்துக் காட்ட மறுத்ததாக 2013ல் பகிரங்கமாகச் சொன்னார். அவர் கறுப்பு இனத்தவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சுவிஸ் சுற்றுலாத் துறை மன்னிப்புக் கேட்டது. கடை முதலாளி தவறான புரிதல் என்றார். விற்பனைப் பெண்ணோ தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தார். உண்மை எதுவாயினும், உலகப் பத்திரிகைகளின் கண்டனம் முழுவதும் வந்து விழுந்தது கூலிக்கு நின்ற அந்தப் பெண்ணின் தலையில்தான்.

நம் சென்னையில் 2014 ஜூலையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. நாடே கொதித்தது. சில வாரங்களிலேயே சட்டசபையில் தனிச் சட்டம் நிறைவேறியது. சரியான காரியம். 2024 ஜூலையில் பெங்களூரில் ஒரு பெரிய வணிக வளாகத்தில், வேட்டி கட்டிய ஒரு முதிய விவசாயியைத் தடுத்து நிறுத்தினார்கள். கர்நாடக சர்க்கார் அந்த வளாகத்தையே ஒரு வாரம் மூடச் சொன்னது. அதுவும் சரியே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாசலில் தடுத்தால் சட்டம் வருகிறது. வாசலில் விட்டுவிட்டு மூன்றாவது மாடிக்கு அனுப்பினால் எந்தச் சட்டம் வரும்? வேட்டியைத் தடுப்பவன் முட்டாள் வியாபாரி. மடியை அளந்து மாடி பிரிப்பவன் கெட்டிக்கார வியாபாரி. முன்காலத்தில் சாதியைக் கேட்டுத் திண்ணையா, தெருவா என்று தீர்மானித்தார்கள். இப்போது "எந்த ரேஞ்சு?" என்று கேட்கிறார்கள். பல சமயம் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே ஆளிடம் போய் நிற்கிறது.

சரி, கீழ்த்தளத்துக் காப்பிக்கும் மெத்தைக்கும் பணம் யார் கொடுக்கிறார்கள்? முதலாளி தன் சட்டைப் பையிலிருந்தா?

ஒரு புடவை எப்படி உருவாகிறது என்பதைப் பாருங்கள். கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. பட்டைக் காய்ச்சிப் பசை எடுக்க வேண்டும். சாயம் தோய்க்க வேண்டும். பாவு ஓட வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிச் சரி பார்க்க வேண்டும். பழைய பாவின் இழை ஒவ்வொன்றோடும் புதிய இழையைப் பிணைக்க வேண்டும். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். ஒரு பாவில் மூன்று புடவை. கோர்வைப் புடவை என்றால் மூன்று நாடா. நெய்கிறவர் ஒருவர் போதாது, கரை நாடா போட இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி. ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், வேலைப்பாட்டைப் பொறுத்து இருபது நாளும் ஆகும். கூலிச் சீட்டில் ஒரு பெயர்தான்; உழைப்போ இரண்டு பேருடையது.

நெய்து முடித்த புடவையை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போகிற நெசவாளிக்குக் கிடைக்கும் "சேவை" என்ன? தாழ்வாரத்தில் காத்து நிற்கிறான். புடவையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இங்கே இழை போயிருக்கிறது, அங்கே சாயம் மங்கியிருக்கிறது என்று கூலியில் பிடித்தம் செய்கிறார்கள். கடை தணிந்திருக்கிறது, பணம் அடுத்த வாரம் என்கிறார்கள். முன்பணக் கடன் கழுத்தில் இருப்பதால் அவன் வாய் திறப்பதில்லை. பின்வாசலில் இப்படி வாங்கிய புடவைதான், முன்வாசலில் காப்பியோடு விற்கப்படுகிறது.

நெசவாளியின் கூலிக்கும் கடையில் தொங்கும் விலைச் சீட்டுக்கும் நடுவே எத்தனை வாய்கள்! முதலாளி, தரகர், மொத்த வியாபாரி, கடை வாடகை, மின்சாரம், சினிமா நட்சத்திர விளம்பரம், கோயிலுக்கு வந்தவர்களை ஆட்டோவில் ஏற்றிக் கடை வாசலில் இறக்குகிறவருக்குக் கமிஷன். இவை எல்லாவற்றையும் விலையில் ஏற்றலாம். வாங்குகிறவன் தாங்காத இடம் வரும்போது எதைக் குறைப்பார்கள்? வாடகையைக் குறைக்க முடியாது, நட்சத்திரத்தின் சம்பளத்தைக் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான்: கூலி. ஆகவே, பணக்காரருக்கு ஓசியில் கிடைப்பதாகத் தோன்றும் காப்பியில் நெசவாளியின் பாலும், விற்பனைப் பெண்ணின் சர்க்கரையும் கலந்திருக்கிறது.

இது காஞ்சிபுரத்தின் சாபம் மட்டுமல்ல. ஆடம்பர வியாபாரத்தின் உலகப் பொது விதி. உலகமெல்லாம் பெயர் பெற்ற பிரெஞ்சுக் கம்பெனி டியோர். அதன் கைப்பைகளைத் தயாரிக்கும் இத்தாலியத் துணை நிறுவனத்தை, 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் நீதிமன்ற மேற்பார்வையின் கீழ் வைத்தது. விசாரணையில் வெளிவந்தது என்ன? கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற பைக்கு, அதைத் தைத்துக் கொடுத்த பட்டறைக்குக் கம்பெனி கொடுத்தது 53 யூரோ. தோல் விலை தனி. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: ஏறக்குறைய 49 மடங்கு! அந்தப் பட்டறைகளில் தொழிலாளிகள் வேலை செய்த இடத்திலேயே படுத்து உறங்கினார்கள். கம்பெனி திருத்த நடவடிக்கை எடுத்ததாகக் கண்டு 2025 பிப்ரவரியில் மேற்பார்வை விலக்கப்பட்டது. பாரிஸ் நகரத்துக் கடையில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பையை எடுத்துக் காட்டுவார்களாம். கையுறை யாருடைய கைரேகையை மறைக்கிறது என்று நாம் கேட்கிறோம்.

நம் நாட்டுக் கணக்கு என்ன? 2019-20ல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, கைத்தறியை நம்பி உழைப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். பத்தில் ஏழு பேர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. குறைகளைச் சொல்வதற்கு இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் மத்திய சர்க்கார் 2020 ஜூலையில் கலைத்துவிட்டது. ஐயம்பேட்டையில் தறிக்குழியை மூடி மேடையாக்கிவிட்டு, மகனை ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் அனுப்பும் குடும்பங்கள் பெருகுவதில் என்ன ஆச்சரியம்?

"அப்படியானால் கூட்டுறவுக் கடைக்குப் போங்கள் என்பீர்கள். அங்கே என்ன மரியாதை வாழ்கிறது?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டோம். கோ-ஆப்டெக்ஸ் 1935ல் ஏற்பட்ட ஸ்தாபனம். தரகரை ஒழித்து நெசவாளியையும் வாங்குகிறவரையும் நேராகச் சந்திக்க வைப்பதற்காக வந்தது. காஞ்சிபுரத்திலோ பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல உண்டு. ஆனால் சில விற்பனை நிலையங்களில் தூசி தட்டாத அலமாரி, மாறாத டிசைன், "அதெல்லாம் இல்லை" என்று தலை தூக்காமல் வரும் பதில். இதைக் கண்டு நம் ஜனங்கள் முகம் சுளிப்பது வாஸ்தவம். உறுப்பினர் பட்டியலில் தறியே இல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு தனியார் முதலாளிகள் சங்கத்தைப் பின்னாலிருந்து ஆட்டிவைக்கும் கதையும் உண்டு.

இவற்றைத் திருத்த வேண்டும் என்பதுதான் நம் அபிப்பிராயம். விட்டு ஓடுவது அல்ல. உழைப்பாளியின் கடையில் உழைப்பாளிக்கு மரியாதை இல்லை என்றால், அது முதலாளிக்கு நாமே கொடுக்கும் விளம்பரம். மரியாதைக்குக் குளிர்சாதனம் தேவையில்லை. உட்கார ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், கேட்ட புடவையை எடுத்துக் காட்டும் பொறுமை, கேட்டதற்கு உண்மையான பதில். ஆறாயிரம் கொண்டு வந்தவருக்கும் அறுபதாயிரம் கொண்டு வந்தவருக்கும் ஒரே முகம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும். அந்த மனம் வர வேண்டுமானால், ஊழியருக்கு ஒழுங்கான சம்பளமும் நிரந்தர வேலையும் இருக்க வேண்டும்.

வாங்கப் போகும் தோழர்களுக்கும் சில வார்த்தை. பட்டு முத்திரை உண்டா, கைத்தறி முத்திரை உண்டா என்று கேளுங்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதையும் கேளுங்கள். முந்தானை நூலில் ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால், அசல் பட்டு மயிர் தீய்ந்த வாடை வீசும். கரி, தொட்டால் பொடியாகும். உருகிக் கெட்டியானால் அது பட்டல்ல. ஜரிகையைச் சுரண்டினால், அசல் ஜரிகைக்குள் பட்டு இழை தெரியும். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டப்படி புடவை கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட ரகம். விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்று விற்பது உங்களையும் ஏமாற்றி, நெசவாளியின் சோற்றிலும் மண் போடுவது. ரசீது கேளுங்கள். ரசீதில் "கைத்தறி" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விஷயம் விளங்கிவிடும்.

இன்னொன்று. அந்தப் பெண்ணிடம் கோபிக்காதீர்கள். "உட்கார்ந்துகொண்டே காட்டம்மா" என்று சொல்லுங்கள். அவளுக்கு முக்காலி இல்லை என்றால், மேனேஜரைக் கூப்பிட்டு, 22-ஏ பிரிவு தெரியுமா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள். வாடிக்கையாளர் தெய்வம் என்று எழுதி வைத்தவர்கள், தெய்வம் வாய் திறந்து கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்!

நாம் கோருவது இவை: கடைதோறும் தொழிலாளர் துறை சோதனை செய்து 22-ஏ பிரிவையும் வேலை நேர வரம்பையும் அமல் நடத்த வேண்டும். கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் கூலி கணக்கிட்டு, எதிரே உட்காரும் பெண்ணின் பெயரையும் கூலிச் சீட்டில் எழுத வேண்டும். பொய்க் கைத்தறி விற்கும் கடைமீது வழக்குத் தொடர வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து தறியில்லாத உறுப்பினர்களை நீக்கி, நெசவாளிகளே நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவை தானாக வராது. இதே ஜில்லாவில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் பதிவாவதற்கு 2025 ஜனவரி வரை விடாமல் நின்றார்கள். அவர்களில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. கண்ணாடிக் கடைக்குள் நிற்கும் பெண்ணுக்கும், குழித்தறியில் உட்காரும் தாய்க்கும், நூல் ஆலையிலும் வயலிலும் உழைக்கும் நமக்கும் சங்கம் என்ற ஒரே கயிறுதான் உண்டு. அதைப் பிடித்தால், மூன்றாவது மாடிக்கு அனுப்பும் கை தானாகத் தணியும்.

மரியாதை கடையில் விற்கும் சரக்கல்ல. அதை விலை கொடுத்து வாங்க நமக்கு வசதியும் இல்லை, அவசியமும் இல்லை. ஒன்றுபட்டு நின்று எடுத்துக்கொள்வோம்!